புகையைக் கழுவிய நீர் எங்கே போகிறது?

திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965இல் தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு எழுந்த அந்த ஆலை திருச்சியின் முகத்தையே மாற்றியது. கைலாசபுரம் என்ற நகரியம் உருவானது. துவாக்குடி வரை பட்டறைகள் பெருகின. வெல்டிங் தெரிந்தவனுக்கு வேலை இல்லாமல் போகாது என்ற நம்பிக்கை இரண்டு தலைமுறைகளுக்கு இருந்தது. நாட்டின் அனல்மின் நிலையங்கள் பலவற்றில் இன்றும் நிலக்கரி எரிவது திருச்சியில் உருவான கொதிகலன்களில்தான்.

எனவே அந்த நிலையங்களின் புகைபோக்கி வழியே வெளியேறும் கந்தக டைஆக்சைடு திருச்சிக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல. இதே மாவட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் வேறு வாயுக்களும் ஆவிகளும் எழுகின்றன. இரும்புக் குழாய்களின் துருவை நீக்கும் அமிலத் தொட்டிகள், மொலாசஸை நொதிக்க வைக்கும் வடிசாலைகள், காகிதக் கூழை வெளுக்கும் ஆலைகள் என ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய ஆவி உண்டு. இவற்றைப் பிடிக்க உலகெங்கும் கையாளப்படும் பழைய முறை, பெரும்பாலும் நம்பகமான முறையும்கூட, வாயுவைத் திரவத்தால் கழுவுவது. பாடநூலில் இதற்கு உட்கவர்தல் என்று பெயர். ஆலைகளில் ஸ்க்ரப்பர் என்பார்கள்.

இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். ஸ்க்ரப்பர் மாசை அழிப்பதில்லை. காற்றிலிருந்து எடுத்துத் தண்ணீரில் வைக்கிறது. அந்தத் தண்ணீருக்கு ஒரு முடிவு கட்டும் வரை வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவாகக் கிடக்கும் ஊரில் இந்த மீதிப் பாதியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

கரைவதன் கணக்கு

ஒரு வாயு ஒரு திரவத்தில் எவ்வளவு கரையும் என்பதற்கான விதியை மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803இல் வகுத்தார். திரவத்தின் மேல் அந்த வாயு எவ்வளவு அழுத்தம் தருகிறதோ அந்த அளவுக்கு அது கரையும். கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் நுரை பொங்குவது இதனால்தான்: அழுத்தம் விலகியது, வாயுவும் விலகியது.

வாயுவுக்கு வாயு கரைதிறன் வேறுபடும். 20 டிகிரி வெப்பத்தில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், 1 லிட்டர் தண்ணீர் அம்மோனியாவைச் சுமார் 700 லிட்டர் வரை உள்வாங்கும். கந்தக டைஆக்சைடை ஏறத்தாழ 40 லிட்டர். கரியமில வாயுவை 1 லிட்டருக்கும் சற்றுக் குறைவாக. ஆனால் இது தூய வாயுவுக்கான கணக்கு. இந்திய நிலக்கரியின் புகையில் கந்தக டைஆக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. அவ்வளவு மெலிந்த வாயுவை வெறும் தண்ணீர் கொஞ்சமாகத்தான் பிடிக்கும். அதனால்தான் தண்ணீரில் காரம் கலக்கிறார்கள். கரைந்த வாயு உடனே காரத்தோடு வினைபுரிந்து உப்பாகிவிட்டால், திரும்பிப் போக வாயு மிஞ்சாது. திரவம் மேலும் மேலும் உள்வாங்கிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு கரையும் என்பதோடு எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதும் முக்கியம். வாயுவும் திரவமும் சந்திக்கும் இடத்தில் இரு பக்கமும் மெல்லிய படலம் ஒவ்வொன்று இருப்பதாகவும், மாசு அவ்விரண்டையும் கடந்தாக வேண்டும் என்றும் லூயிஸ், விட்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் 1920களில் விளக்கினர். இன்றும் ஸ்க்ரப்பர் வடிவமைப்பு இந்தப் படத்தின் மேல்தான் நிற்கிறது. இரண்டும் தொடும் பரப்பு பெருகப் பெருகக் கழுவல் வேகமாகும். கோபுரத்துக்குள் ஆயிரக்கணக்கான வளையங்களைக் கொட்டி நிரப்புவதும், நாஸில் வழியாகத் திரவத்தைப் பொடித்துளியாகத் தூவுவதும், புகையைக் கீழிருந்து மேலாகவும் திரவத்தை மேலிருந்து கீழாகவும் எதிரெதிராக அனுப்புவதும் இதற்காகத்தான். எதிரெதிராக ஓடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மேலே வரும்போது மெலிந்துபோயிருக்கும் வாயு, அப்போதுதான் உள்ளே வரும் புதுத் திரவத்தைச் சந்திக்கிறது. கடைசித் துளி மாசும் பிடிபட அதுவே வழி.

கோபுரத்தின் உள்ளே

அனல்மின் நிலையத்தின் கந்தக நீக்கக் கோபுரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கொதிகலனை விட்ட புகை முதலில் மின்வடிப்பானில் சாம்பலை இழக்கிறது. இந்த வடிப்பான்களையும் கந்தக நீக்க அமைப்புகளையும் பெல்லின் ராணிப்பேட்டை ஆலை செய்கிறது. சுமார் 130 டிகிரி சூட்டோடு கோபுரத்தில் நுழையும் புகைமீது மேலிருந்து பல அடுக்குகளாகப் பால்போன்ற கலவை தூவப்படுகிறது. அது நன்றாக அரைத்த சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீரில் கலந்தது. நொடிப்பொழுதில் புகையின் சூடு 50 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். கந்தக டைஆக்சைடு துளிகளில் கரைந்து சுண்ணாம்போடு சேர்ந்து கீழே தொட்டியில் விழுகிறது. அங்கே ப்ளோயர் வைத்துக் காற்று ஊதுகிறார்கள். ஆக்சிஜன் சேர்ந்ததும் ஜிப்சம் படிகங்கள் உருவாகின்றன.

இந்தத் தொட்டியின் பிஎச் அளவுதான் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரின் கண். அது 5க்கும் 6க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏறினால் சுண்ணாம்புக்கல் கரையாமல் வீணாகும். குழாய்களில் படிவு கட்டும். இறங்கினால் வாயுவைப் பிடிக்கும் திறன் போய்விடும். கரையவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும் என்ற இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய இடைவெளியில் இரவு பகலாக ஆலையை நிறுத்தி வைப்பது சாதாரணத் திறமை அல்ல. ஒழுங்காக நடந்தால் கந்தக டைஆக்சைடில் 95 விழுக்காடு வரை பிடிபடும்.

கணக்கைப் பார்ப்போம். 500 மெகாவாட் அலகு ஒன்று முழுத்திறனில் ஓடுகிறது. மணிக்கு 325 டன் நிலக்கரி எரிக்கிறது. அதில் கந்தகம் 0.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் எழும் கந்தக டைஆக்சைடு 78 டன். அதைப் பிடிக்க ஏறக்குறைய 120 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். முடிவில் 210 டன் ஜிப்சம் கிடைக்கும். போகிற போக்கில் 50 டன்னுக்கு மேல் கரியமில வாயுவும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வெளியேறும். தண்ணீரும் செலவாகும்: ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கால் லிட்டர் அளவில் ஆவியாகியும் கழிவாகியும் போகிறது. இவற்றோடு, நிலக்கரியிலிருந்த குளோரைடும் புளோரைடும் பாதரசம் போன்ற உலோகங்களும் அந்தத் திரவத்தில் சேர்ந்துகொண்டே போகும். அவற்றை வெளியேற்ற, தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதியை விடாமல் எடுத்துச் சுத்திகரிக்க வேண்டும்.

இங்கிலாந்து படித்த பாடம்

இப்படி மாசு இடம் மாறுவது புதிய கதையல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சோடா ஆலைகள் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை ஊர்மீது கக்கிக்கொண்டிருந்தன. மரங்கள் கருகின, விவசாயிகள் வழக்குப் போட்டனர். 1836இல் வில்லியம் காஸேஜ் என்ற ஆலைக்காரர் ஒரு கோபுரத்தில் சுள்ளியையும் புதர்க்கிளைகளையும் நிரப்பி, மேலிருந்து தண்ணீர் வடியவிட்டு, ஆவியைக் கீழிருந்து ஏற்றினார். இன்றைய ஸ்க்ரப்பர்களின் மூதாதை அது. 1863இல் பிரிட்டன் கொண்டுவந்த அல்கலி சட்டம், அமில ஆவியில் 95 விழுக்காட்டைப் பிடித்தே ஆகவேண்டும் என்றது. அதை நடைமுறைப்படுத்த நியமிக்கப்பட்ட தலைமை ஆய்வாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். அமில மழை என்ற சொல்லை உலகுக்குத் தந்தவரும் அவர்தான்.

காற்று தெளிந்தது. ஆனால் பிடித்த அமிலம் வாய்க்கால்களில் திறந்துவிடப்பட்டது. அங்கே மீன்கள் செத்தன. அமிலத்திலிருந்து குளோரின் எடுத்து வெளுப்புத்தூள் செய்யும் வழியை வெல்டனும் டீக்கனும் 1860களின் பிற்பாதியில் கண்டறிந்த பிறகுதான் நிலைமை மாறியது. கழிவுக்கு விலை வந்ததும் அதைக் கொட்டுவதற்கு எவருக்கும் மனம் வரவில்லை. 1930களில் லண்டன் பேட்டர்சீ மின்நிலையம் தன் புகையைத் தேம்ஸ் நதி நீராலேயே கழுவியது. நதி நீரின் இயற்கையான காரத்தன்மை கந்தகத்தைப் பிடித்தது. கழுவிய நீர் திரும்பவும் நதிக்கே போனது. பல கோடி லிட்டர் ஓடும் நதி என்ற நம்பிக்கையில் செய்தார்கள். கோடையில் மணல்வெளியாகக் கிடக்கும் காவிரிக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது.

சோடியமா, கால்சியமா?

பெரிய மின்நிலையங்களை விட்டுச் சிறிய ஆலைக்கு வருவோம். குழாய்களையும் தகடுகளையும் அமிலத்தில் தோய்த்துத் துரு நீக்கும் பிக்ளிங் பட்டறையில், தொட்டியின் விளிம்பிலேயே உறிஞ்சு வாய் பொருத்தி, ஆவியை பைபர் கோபுரத்துக்கு இழுப்பார்கள். அங்கே காஸ்டிக் சோடா கரைசல் சுற்றிக்கொண்டிருக்கும். அமைப்பது எளிது, ஆவி முழுமையாகப் பிடிபடும், மூக்கு எரிச்சல் நிற்கும். ஆனால் 1 கிலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காஸ்டிக்கால் பிடித்தால் 1.6 கிலோ சாதாரண உப்பு உண்டாகிறது. அந்த உப்பை எந்தச் சாதாரணச் சுத்திகரிப்பு நிலையமும் நீக்காது. கிருமிகளால் தின்ன முடியாது. மணலால் வடிகட்ட முடியாது. படிகாரத்தால் படிய வைக்கவும் முடியாது.

உப்பு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு நொய்யலில் கண்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கரைந்த உப்பு ஒரத்துப்பாளையம் அணை நீரைப் பாசனத்துக்கு உதவாததாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. அந்த நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலந்து, திருச்சியை நோக்கித்தான் வருகிறது. திருச்சிப் பகுதியில் காவிரி, கொள்ளிடப் படுகைக் கிணறுகளிலிருந்து நகரமும் ராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டமும் குடிக்கின்றன. மணல் பலவற்றைத் தடுக்கும். கரைந்த உப்பைத் தடுக்காது.

ஆகவே எந்தக் காரத்தால் கழுவுகிறோம் என்ற தேர்வு, கழுவியது எங்கே போகும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. சோடியம் உப்புகள் தண்ணீரோடு ஓடும். கந்தகத்தைக் கால்சியத்தால் பிடித்தால் கட்டியாகப் பிரியும். வண்டியில் ஏற்றலாம், விற்கலாம். அமில ஆவிக்கு இன்னொரு வழியும் உண்டு. காஸ்டிக் கோபுரத்துக்கு முன்னால் வெறும் தண்ணீர் ஓடும் கோபுரம் ஒன்றை வைத்தால், ஹைட்ரோகுளோரிக் ஆவியில் பெரும்பகுதி அங்கேயே நீர்த்த அமிலமாகக் கிடைக்கும். அதைப் பிக்ளிங் தொட்டிக்கே திருப்பலாம். காஸ்டிக்குக்கு மிஞ்சுவது கடைசிச் சொச்சம்தான். உப்பும் அந்த அளவுக்குக் குறையும். முதலீடு கூடும் என்பது உண்மை. ஆனால் அமிலம் வாங்கும் செலவும் காஸ்டிக் வாங்கும் செலவும் ஒருங்கே குறைகின்றன.

வடிசாலைகள் இதை வெகுகாலமாகச் செய்துவருகின்றன. நொதிக்கும் தொட்டியிலிருந்து கிளம்பும் கரியமில வாயு சற்று ஆல்கஹாலையும் தூக்கிக்கொண்டு போகும். அதைத் தண்ணீரால் கழுவி, அந்தத் தண்ணீரை மீண்டும் வடிப்புக்கே அனுப்புகிறார்கள். அங்கே ஸ்க்ரப்பர் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவியாக மட்டும் நிற்கவில்லை. இழந்த சரக்கை மீட்டுத் தருகிறது. அதனால் அதை யாரும் நிறுத்தி வைப்பதில்லை.

காரையின் ஜிப்சம், கல்லக்குடியின் சிமெண்ட்

திருச்சிக்கு வடக்கே, இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தை ஒட்டி, மழை அரித்த களிமண் நிலம் ஒன்று இருக்கிறது. செடி அதிகம் முளைக்காத அந்த மேடுபள்ளங்களில் குனிந்து பார்த்தால் கண்ணாடிச் சில்லுபோல் மினுங்கும் மெல்லிய ஏடுகள் மண்ணில் குறுக்கும் நெடுக்குமாகச் செருகியிருக்கும். நகத்தால் கீறினாலே கோடு விழும். அது இயற்கை ஜிப்சம். கிரெட்டேஷியஸ் காலத்துக் கடல் இங்கே விட்டுச்சென்ற பாறைகளை 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்ட் ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அதே கடலின் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1939இல் டால்மியா சிமெண்ட் ஆலை கல்லக்குடிக்கு வந்தது. அந்த ஊரின் பெயர்ப்பலகைக்காக 1953இல் நடந்த கல்லக்குடிப் போராட்டத்தைத் தமிழ்நாடு நன்கு அறியும். பிறகு அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக எழுந்தன.

சிமெண்ட் அரைக்கும்போது நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு ஜிப்சம் சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால் தண்ணீர் பட்டதும் கலவை இறுகிவிடும். கொத்தனாருக்குக் கரண்டி எடுக்கவும் நேரம் இருக்காது. மேலே கணக்கிட்ட ஒரு மின் அலகின் 210 டன் ஜிப்சம், நாளொன்றுக்கு 4,000 டன்னுக்கு மேல் சிமெண்ட் அரைக்கப் போதும்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கொதிகலன் செய்யும் ஆலையும் கைத்திறனும் திருவெறும்பூரில். சுண்ணாம்புக்கல் கல்லக்குடி, அரியலூர்ப் பக்கம். ஜிப்சம் கேட்கும் சிமெண்ட் ஆலைகளும் அதே பக்கம். நெய்வேலி, மேட்டூர் அனல்மின் நிலையங்களும் எட்டாத தொலைவில் இல்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் வண்டி ஜிப்சத்தோடு திரும்பலாம். உலகில் எல்லா இடத்துக்கும் இந்த வாய்ப்பு அமைவதில்லை. ஆனால் ஜிப்சம் தானாக விலைபோகாது. சாம்பல் கலந்தால், குளோரைடு மிகுந்தால் சிமெண்ட் ஆலை வாங்காது. அது மின்நிலையத்தின் பின்புறம் இன்னொரு குவியலாகத்தான் கிடக்கும். சுண்ணாம்புக்கல்லின் தூய்மை, மின்வடிப்பானின் ஒழுங்கு, ஜிப்சத்தைக் கழுவிப் பிழியும் பக்குவம் எல்லாம் சேர்ந்துதான் அது சரக்கா, குப்பையா என்று முடிவாகிறது.

திரும்பத் திரும்ப உழைக்கும் திரவம்

தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016 முதல் வேறொரு வழி நடைமுறையில் இருக்கிறது. நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவை அமீன் வகைக் கரைசலால் பிடிக்கிறார்கள். இந்தியப் பொறியாளர்கள் இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் என்ற லண்டன் நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடிக்க வடிவமைக்கப்பட்டது. கரைசல் ஒரு கோபுரத்தில் வாயுவை வாங்கி, அடுத்த கோபுரத்தில் நீராவிச் சூட்டில் விட்டுவிட்டு, மீண்டும் முதல் கோபுரத்துக்கே திரும்புகிறது. வெளிவந்த வாயு சோடா சாம்பல் தயாரிக்கப் போகிறது. இங்கே திரவம் கழிவாவதில்லை; சுற்றிச் சுற்றி உழைக்கிறது. இதன் விலை வெப்பம். பிடித்ததை விடுவிக்க நீராவி செலவாகும். வாயுவுக்கு ஒரு பயன் இருக்கும் இடத்தில் அந்தச் செலவு தாங்கும்.

ஓடாத ஸ்க்ரப்பர்

எவ்வளவு நல்ல வடிவமைப்பும் ஓடினால்தான் உண்டு. 1984 டிசம்பர் 2-3 இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து ஏறக்குறைய 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. அந்த வாயுவை அழிக்கவென்றே காஸ்டிக் சோடா ஸ்க்ரப்பர் ஒன்று அங்கே இருந்தது. உற்பத்தி நின்றிருந்ததால் அதைச் செயல்படாத நிலையில் வைத்திருந்தார்கள். ஓடியிருந்தாலும் அவ்வளவு பெரிய வெள்ளத்தைத் தாங்கும் அளவு அதற்கு இல்லை. ஸ்க்ரப்பர் இருக்கிறது என்பது வேறு. அது போதுமானது, இந்த நிமிடம் ஓடுகிறது என்பது வேறு. பம்ப் நின்றால் அலறும் மணியும், மின்சாரம் போனால் எடுத்துக்கொள்ளும் ஜெனரேட்டரும், கரைசலின் காரத்தை வேளாவேளைக்கு அளந்து பார்க்கும் ஆளும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு.

இரண்டு சட்டங்களுக்கு நடுவே

2015 டிசம்பர் 7 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களின் கந்தக டைஆக்சைடுக்கு முதன்முறையாக வரம்பு வகுத்தது. 2017க்குப் பிறகு வரும் அலகுகளுக்குக் கனமீட்டருக்கு 100 மில்லிகிராம். பழையவற்றுக்கு அளவைப் பொறுத்து 200 அல்லது 600. கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை, நாட்டின் நிலக்கரி அலகுகளில் முக்கால் பங்குக்கும் மேலானவற்றை அந்த வரம்பிலிருந்து விடுவித்துவிட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் கந்தக டைஆக்சைடு ஏற்கெனவே தர அளவுக்குள் இருக்கிறது, கருவிக்குச் செலவும் கூடுதல் கரியமில வாயுவும் ஆகின்றன என்பவை அரசின் காரணங்கள். புகைபோக்கியை விட்ட கந்தகம் வழியில் சல்பேட் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நுரையீரலுக்குள் போகிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அந்த வாதத்துக்கே என் ஆதரவு. வாயுவாக இருக்கும்போது அளந்துவிட்டு, துகளாக மாறிய பின் அளக்காமல் விடுவது சரியான கணக்காகாது.

ஆனால் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பேசாத ஒன்று, கழுவிய நீர். நம் நாட்டில் தண்ணீருக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம். காற்றுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டம். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இரண்டின் கீழும் தனித்தனியே இசைவாணை தருகிறது. ஸ்க்ரப்பர் காற்றுச் சட்டத்தின் கீழ் பாராட்டு வாங்குகிறது. அதன் அடியிலிருந்து வடிவது தண்ணீர்ச் சட்டத்தின் கீழ் வேறு கழிவுகளோடு கலந்து அடையாளம் இழந்துவிடுகிறது. பிடித்த மாசு எத்தனை கிலோ, அது இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரே தாளில் கேட்கும் படிவம் வேண்டும். உள்ளே வந்த கந்தகம் அல்லது குளோரைடு இத்தனை. புகைபோக்கியில் போனது இத்தனை. ஜிப்சமாக, அமிலமாக விற்றது இத்தனை. மிச்சம் உப்பாக இத்தனை என்று இரு பக்கமும் சமமாக வர வேண்டும். வரவுசெலவு எழுதும் எந்த வணிகருக்கும் இது புரியும். எந்த வேதிப்பொறியாளரும் முதலாண்டிலேயே கற்பது.

இதைச் செய்யத் தேவையான ஆட்கள் திருச்சியில் இருக்கிறார்கள். 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம் துவாக்குடியில், பட்டறைகளுக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. சிறு பட்டறைகளின் ஸ்க்ரப்பர் நீரை அளந்து, தண்ணீர்க் கோபுரம் முன்னே வைத்தால் எவ்வளவு அமிலம் மீளும் என்று கணக்குப் போட்டுத் தருவது மாணவர்களின் இறுதியாண்டுப் பணியாகவே அமையலாம். சிறு ஆலைகளுக்குத் தனித்தனியே உப்பு ஆவியாக்கும் வசதி கட்டுப்படியாகாது. தொழிற்பேட்டைக்கு ஒன்றாக அரசு அமைத்துத் தரலாம். வாரியம் இசைவாணையைப் புதுப்பிக்கும்போது மாசின் முழுக் கணக்கையும் கேட்டு வாங்கி, மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டும். புதிய தொழில்நுட்பம் எதுவும் வரக் காத்திருக்கத் தேவையில்லை. காற்றுக்கான கணக்கையும் தண்ணீருக்கான கணக்கையும் ஒரே ஆலையின் ஒரே கணக்காகப் பார்க்கும் முடிவை எடுத்தால் போதும். அதை இந்த மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்.